மூப்பர் பியோவின் வரவேற்பு ஜெபம்

வரவேற்பதற்கென்றே பிறந்த ஓர் இனம் உண்டு. வாசலுக்கே ஓடி வரும், இரண்டு கையாலும் கையைப் பிடித்துக்கொள்ளும், கண்ணில் நீர்கூட வைக்கும். கொடுக்கும் பூங்கொத்துக்குள் ஒரு பட்டியலும் இருக்கும்.

பார்த்ததில்லையா? தென்கொரியாவில் சம்ச்சோக் துறைமுகத்து மேட்டில் இருக்கும் எங்கள் சின்னச் சபைக்கு ஒரு ஞாயிறு வாருங்கள். முதல் வரிசை ஓரத்தில், கன்னங்கரேலென்று சாயம் பூசிய தலையோடு உட்கார்ந்திருப்பவர்தான் மூத்த மூப்பர், பியோ தொக்சு. பன்னிரண்டு வருஷத்தில் நான்கு போதகர்களை மனமுருக வரவேற்றவர். நான்கு பேரும் பெட்டி கட்டியதற்கும் அவரே காரணம். விரட்டினாரா? சேச்சே! ஜெபம்தான் செய்தார்.

ஆளிடம் சொல்ல வேண்டியதை ஆண்டவரிடம் சொல்வது அவர் வழக்கம். "பரம பிதாவே, எங்கள் போதகர் இருபது நிமிஷத்தில் பிரசங்கத்தை முடிக்கக் கிருபை தாரும்" என்று ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யார் குறுக்கே பேச முடியும்? பிரசங்க மேடையை ஒரு முழம் நகர்த்திய போதகருக்காக ஆறு மாதம் ஜெபித்தார். அடுத்து வந்த போதகருடைய மனைவி தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டாள் என்று, தம் சாயத் தலையைக் குனிந்தபடி ஒரு வருஷம் ஜெபித்தார்.

ஜெபம் நீளமா என்று சமையலறைப் பெண்களைக் கேளுங்கள். வடக்கும் தெற்கும் ஒன்றாக வேண்டும் என்று அவர் கேட்கும்போது அடுப்பைப் பற்றவைப்பார்கள். வெளிநாட்டில் ஊழியம் செய்கிறவர்களுக்காகக் கேட்கத் தொடங்கியதும் கொதிக்கும் தண்ணீரில் நூடுல்ஸைப் போடுவார்கள். ஆமேனுக்கு அது பதமாக வெந்திருக்கும்.

இந்தமுறை விஷயம் வேறு. பதினான்கு மாதம் தேடிய பிறகுதான் சோன் என்ற இளம் போதகர் வரச் சம்மதித்தார். இவரும் போனால் சபையை மூடி, நாற்பது கிழங்களையும் பக்கத்து ஊர்ச் சபையோடு சேர்த்துவிடுவார்கள். பியோவுக்கு இது நன்றாகத் தெரியும். அங்கே போனால் முதல் வரிசை கிடைக்காது என்பதும் தெரியும்.

சோன் வந்த முதல் ஞாயிறு காலை பியோவின் மனைவி ஹியோசுன் அவருக்கு டை கட்டிவிட்டபடி சொன்னாள்: "என்னங்க, இன்னிக்கு நன்றி மட்டும் சொல்லுங்க. போதகர் வீட்ல இன்னும் பாதிப் பெட்டியக்கூடப் பிரிக்கல."

"நன்றிதானே சொல்லப் போறேன்?"

"அதுக்கப்புறம் ஒரு 'ஆனா' வருமே, அத வீட்லயே வெச்சுட்டு வாங்க."

"என்னை என்னன்னு நெனச்சே நீ?" என்று சீறினார். சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த தாளைத் தொட்டும் பார்த்துக்கொண்டார்.

ஆராதனை முடிவில் வரவேற்பு ஜெபம். "அன்பின் பிதாவே, அருமையான போதகரை எங்களுக்குத் தந்தீரே, ஸ்தோத்திரம்" என்று குரல் தழுதழுக்கத் தொடங்கி, தாளுக்குப் போகும் முன் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டார்.

"ஆமேன்!" என்று ஹியோசுன் கூரை அதிரக் கத்தினாள். பசியில் இருந்த நாற்பது பேரும் "ஆமேன்!" என்றார்கள். பியானோக்காரம்மா முடிவு ராகத்தைத் தட்டிவிட்டாள். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பியோ மட்டும் வாய் திறந்தபடி நின்றார்.

சோன் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மூப்பரய்யா, மூணு சபையில இருந்துட்டேன். எந்த நிபந்தனையும் போடாம என்னை வரவேத்தது நீங்கதான்."

பியோவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அது நடிப்பில்லை. அந்த நிமிஷத்தில் அவர் நிஜமாகவே அப்படிப்பட்ட மனிதராக இருந்தார்.

ஆனால் சமையலறையில் அடுப்பே பற்றவைக்கவில்லையே! ஜெபத்தில் வடக்கும் தெற்கும் ஒன்றாகட்டும் என்று அங்கே காத்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் காரக் காய்கறி ஊறுகாயான கிம்ச்சியைத் தவிர ஒன்றுமில்லை. நூடுல்ஸ் வர இருபது நிமிஷம். பக்கத்தில் புதிய போதகர். பையில் தாள். மனிதன் எவ்வளவுதான் பொறுப்பான்?

ஹியோசுன் எதிர்ப்பக்கத்திலிருந்து கண்ணால் எரித்தாள். கிம்ச்சியிலிருந்து ஒரு முள்ளங்கித் துண்டை அவர் தட்டில் வைத்து, "வாயில போடுங்க" என்றாள். அவர் அதை மென்று விழுங்கினார்.

"பாஸ்டரய்யா, உங்களக் கடவுளேதான் அனுப்பியிருக்கார்," என்றார் கனிவாக. "ஆனா…"

நூடுல்ஸ் வருவதற்குள் தாளில் இருந்த ஒன்பது நிபந்தனைகளும் முடிந்துவிட்டன. சோன் புன்னகை மாறாமல் கேட்டுக்கொண்டார். பிறகு தம் மனைவி பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னார்: "அந்த மீதிப் பெட்டிகளப் பிரிக்க வேண்டாம்மா. அப்படியே இருக்கட்டும்."

ஹியோசுன் காதில் அது விழுந்தது. அவள் சாப்பிடவில்லை. பியோ இரண்டாவது கிண்ணம் வாங்கிக்கொண்டார்.

இப்படியும் ஒரு ஆளா என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. கட்டுரை பிடித்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அது போதும். என்ன, "நல்லாத்தான் இருக்கு, ஆனா…" என்கிறீர்களா? முதல் வரிசை ஓரத்தில் இன்னும் ஓர் இடம் இருக்கிறது. வந்து உட்காருங்கள்.