பாவு தாண்டாத பட்டாளம்

காஞ்சிபுரத்தில் ‘தைரியம்’ என்பவரிடம் தைரியம் வாங்கிக்கொண்டு நடுங்காதவர் ஒருவர்கூடக் கிடையாது. அவருடைய நிஜப்பெயர் அவருக்கே மறந்துபோயிருக்கலாம். பிள்ளையார்பாளையத்தில் கோலி சோடா கடை வைத்திருந்தார். சோடா விற்பது அவருக்குப் பொழுதுபோக்கு. பயந்தவர்களுக்குத் தைரியம் சொல்வதுதான் தொழில்.

சொல்லும் விதம்தான் கொஞ்சம் வில்லங்கம். எதற்கெல்லாம் பயப்படக்கூடாது என்று ஒன்றுவிடாமல் எடுத்துச் சொல்வார். பல் பிடுங்கக் கிளம்பிய ஒருவரிடம், “ரத்தம் நிக்காம பூடும்பாங்க, தாடை கோணிக்கும்பாங்க, நீ ஒண்ணும் பயப்படாத, போ” என்றார். அந்த மனிதர் பல்வலியோடேயே மிச்ச வாழ்நாளைக் கழித்தார். ஒரு கல்யாணத்தில் முகூர்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளையைத் தனியே அழைத்துப் பேசினார். மாப்பிள்ளையை வாலாஜாபாத் ரயில் நிலையத்திலிருந்து பிடித்து வர வேண்டியதாயிற்று.

அறுபத்தைந்தில் நாங்கள் எஸ்.எஸ்.எல்.சி. தேறி வெளியே வந்தோம். வந்த வேளை அப்படி. வடக்கே எல்லையில் புகைச்சல், வியட்நாமில் குண்டுமழை. சலூன் ரேடியோவைத் திருப்பினால் சண்டைச் செய்திதான். என் சிநேகிதன் முருகேசன், நெசவு வீட்டு ஒரே பிள்ளை, பட்டாளத்தில் சேருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். அப்பா இல்லாத பையன். அவன் அம்மா கன்னியம்மா அழுது, பட்டினி கிடந்து, கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள். ஒரே ஒரு தடவை ஆளெடுப்புக்குப் போகலாம். அவர்கள் எடுக்காவிட்டால் தறியில் உட்கார வேண்டும், அப்புறம் பட்டாளம் என்ற பேச்சே எழக்கூடாது.

செய்தி சோடா கடைக்கு எட்டியது. “உலகமே சண்டை போட்டுக்கினு இருக்குது. பசங்களை சும்மாவா அனுப்பறது?” என்று தைரியம் அந்த வருஷம் தேறிய எங்கள் எல்லோரையும் பொறுப்பேற்றுக்கொண்டார். எனக்குப் பட்டாள ஆசை கடுகளவும் இல்லை. சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்டால்தானே!

முதல் பயிற்சி, குண்டுச் சத்தத்துக்குப் பழகுவது. நாங்கள் கண்ணை மூடி வரிசையாக உட்கார வேண்டும். அவர் சோடா பாட்டிலில் வேண்டுமென்றே காஸை அதிகமாக அடைத்து, கோணிப்பைக்குள் போட்டு, எங்கள் முதுகுக்குப் பின்னால் வெடிக்க வைப்பார். நாங்கள் அசையாமல்தான் உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு தடவையும் “ஐயோ” என்று துள்ளியவர் அவர்தான்.

அடுத்தது தெருவில் அணிவகுப்பு. எங்கள் தெருவில் காலை என்றால் பாவு நேரம். புடவைக்கான பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இடுப்புயரத்தில் இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். பாவை யாரும் தாண்ட மாட்டார்கள். தாண்டினால் அந்தப் புடவை விளங்காது. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து நாங்கள் குனிந்து அடியில் நுழைந்துதான் எதிர்வீட்டுக்குப் போவோம். தைரியமோ ஏனாத்தூர் விவசாயக் குடும்பத்துக்காரர். எத்தனை வருஷம் எங்கள் தெருவில் இருந்தும் தறிச் சமாச்சாரம் அவர் தலையில் ஏறவேயில்லை.

“லெப்ட்! ரைட்! எதிர்ல முள்வேலி! தாண்டு!” என்று கத்தினார்.

முருகேசன் சட்டென்று குனிந்து பாவுக்கு அடியில் நுழைந்தான். அவன் பின்னாலேயே நாங்களும் நுழைந்தோம்.

“டேய், தாண்டச் சொன்னா பூர்றீங்களே?”

“அது பாவுண்ணே. தாண்டக் கூடாது” என்றான் முருகேசன்.

“எதிரி பாவு போட்டுக்கினு உக்காந்திருந்தா இன்னாடா பண்ணுவ?”

“கஞ்சி காயற வரிக்கும் நிப்பேண்ணே.”

பாவுக்காரர் கஞ்சிக் கையோடு துரத்திவரவே, எங்கள் படை தளபதியோடு சேர்ந்து பின்வாங்கியது.

ஆளெடுப்புக்கு முதல் நாள் முருகேசனுக்கு மாலை போட்டு ஒரு பாராட்டுக் கூட்டம். தைரியம் மைக் இல்லாமலே முழங்கினார். “முருகேசா, ஒரு கால் போச்சுன்னு வையி. இன்னொண்ணு இருக்குது. அதுவும் போச்சுன்னு வையி. தறிக்குழிக்குள்ள கால் இருக்குதா இல்லியான்னு எவன் பாக்கப் போறான்? பயப்படாத!”

“அப்போ மிதிக்கட்டையை எவன்யா மிதிப்பான்?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அதற்குள் கன்னியம்மா மயங்கி விழுந்துவிட்டாள். தைரியத்தின் கடை சோடாவைத் தெளித்துத்தான் எழுப்பினோம்.

மறுநாள் வேலூருக்குப் பஸ் ஏறினோம். “வழியில தைரியம் தீர்ந்து பூட்டா இன்னா பண்றது?” என்று அவரும் கூடவே வந்தார். துணைக்குப் போன என்னையும் வரிசையில் தள்ளினார். மூச்சை இழுத்தாலும் விட்டாலும் என் மார்பு ஒரே அளவில் இருந்ததால், கடவுள் புண்ணியத்தில் உடனே ஓரங்கட்டிவிட்டார்கள்.

முருகேசன் ஓட்டத்தில் முதல் ஆளாக வந்தான். அப்புறம் கயிறு தாண்டுவது. இடுப்புயரத்தில் ஒரு வெள்ளைக் கயிறு கட்டியிருந்தார்கள். ஓடி வந்தான், கயிற்றைப் பார்த்தான், குனிந்து அடியில் போய்விட்டான். ஹவில்தார் இந்தியில் கத்தினார். திரும்ப ஓடி வந்தான், திரும்பவும் குனிந்தான். பாவம், வேண்டுமென்று செய்யவில்லை. இடுப்புயரத்தில் எதைக் கட்டினாலும் அவன் முதுகு தானாக வளைந்தது. இன்னும் ஒரே தடவை, அப்புறம் வீட்டுக்குப் போகலாம் என்று ஹவில்தார் சைகை காட்டினார். முருகேசன் முகம் வெளுத்துவிட்டது.

அப்போது தைரியம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினார். “முருகேசா, இத பாருபா! இப்டி!” ஐம்பதைத் தாண்டிய உடம்பு மேலே கிளம்பியது. வேட்டி கயிற்றில் மாட்டியது. அந்தப் பக்கம் தொப்பென்று குப்புற விழுந்தவர் “அம்மா” என்றார். அப்புறம் அசையவில்லை.

“அண்ணே!” என்று முருகேசன் பாய்ந்தான். கயிறு எங்கே இருக்கிறது என்றுகூட அவன் பார்க்கவில்லை. அதற்கு ஒரு முழம் மேலே பறந்துபோய் அவரை வாரித் தூக்கினான். ஹவில்தார் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, அவனை எடுத்துக்கொண்டார்.

தைரியத்துக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. கட்டுப் போடும்போது, பயப்படாதீர்கள் என்று நாங்கள் எவ்வளவோ சொன்னோம். அவர் போட்ட கூச்சலில் எங்கள் குரல் அவருக்குக் கேட்கவில்லை.

முருகேசன் பயிற்சி முடிப்பதற்குள் சண்டையே முடிந்துவிட்டது. “நம்ம பையன் வர்றான்னு அவனுங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு” என்று தைரியம் ஊரெல்லாம் சொன்னார். ஆனால் வேலூர் பஸ் வரும் நேரமெல்லாம் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பஸ் நிலையத்துக்கு ஓடினார். வந்தவர்கள் தாங்களே சோடாவை உடைத்துக் குடித்துவிட்டுப் போனார்கள்.

விடுப்பில் முருகேசன் வந்து இறங்கிய அன்று நானும் அங்கே இருந்தேன். தைரியம் அவனைத் தலையிலிருந்து கால்வரை தடவித் தடவிப் பார்த்தார்.

“நான் சண்டைக்கே போவலியேண்ணே. எதுக்கு இப்டிப் பாக்கறீங்க? பயந்துட்டீங்களா?” என்று முருகேசன் கேட்டான்.

நெஞ்சை நிமிர்த்தப் பார்த்தார். முடியவில்லை. “ஆமாம்பா. நீ போன நாள்லேர்ந்து பயந்துக்கினுதான் இருக்கறேன்” என்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.