செயின் கழன்ற மூன்று வாரம்

எப்படியாவது உயிர் பிழைத்துவிடுவது என்று 1973ஆம் வருஷம் ஒரு திங்கட்கிழமை நான் தீர்மானம் செய்தேன். அதற்கு முன்பும் அந்த ஆசை இருந்ததுதான். தீர்மானமே போடும்படியான அவசியம் அன்றுதான் வந்தது.

காரணம் என் வாய். எங்கள் தொழிற்சாலை ஸ்டோர்ஸில் எனக்குப் பதினேழு வருஷ சர்வீஸ். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் யாரோ சைக்கிள் ரேஸ் பற்றிப் பேசினார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். "காலேஜ் நாளில் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் வரைக்கும் ஹாண்டிலைத் தொடாமல் போயிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். நிஜத்தில் நான் சைக்கிள் கற்றது சுவரைப் பிடித்துக்கொண்டு. சுவர் முடிகிற இடத்தில் என் சவாரியும் முடிந்துவிடும்.

பின்னால் ஜெனரல் மானேஜர் நின்றிருந்தார்.

"வெரி குட், லக்ஷ்மிநாராயணன்! ஆண்டு விழா ரேஸில் உங்களைப் பார்க்கிறேன்" என்றார்.

நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான ரேஸ் அது. பேகம்பேட்டில் ஆரம்பித்து சைனிக்புரி வரை. நடுவில் ஓர் இறக்கம். போன வருஷம் அந்த இறக்கத்தில் பில் செக்ஷன் ராமசுவாமி உருண்டு, இரண்டு மாசம் காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனவன் நான். அந்த மாவுக்கட்டு அடிக்கடி என் சொப்பனத்தில் வரும். சொப்பனத்தில் அது என் காலில் இருக்கும்.

மாரெட்பள்ளியில் எங்கள் வீட்டுக்கு வந்து கல்பகத்திடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் அழுவாள், போகக்கூடாது என்று சத்தியம் வாங்குவாள், நானும் பெண்டாட்டி சொல்லைத் தட்டமுடியாமல் விலகிக்கொள்வேன் என்று திட்டம்.

"பேஷ்! போயிட்டு வாங்கோ" என்றாள் கல்பகம்.

"பத்து மைல்டி."

"பத்துதானே?"

"நடுவுல பெரிய இறக்கம் இருக்கு."

"இறக்கத்துல மிதிக்கவே வேண்டாமே! சௌகரியமாப் போச்சு."

மறுநாள் சாயங்காலம் வாசலில் ஒரு ரேஸ் சைக்கிள் நின்றது. ஆட்டுக்கடா கொம்பு மாதிரி வளைந்த ஹாண்டில். கத்தி மாதிரி சீட். மட்கார்டு கிடையாது, மணி கிடையாது. பக்கத்து வீட்டு ஆரோக்கியசாமியின் சைக்கிள் அது. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். திருச்சிக்காரர், பேச்சில் இங்கத்து உருதுவும் கலந்துவிடும். கல்பகம் போய்க் கேட்டு வாங்கி வந்திருந்தாள்.

"இது குதிரை சார். காலை வெச்சாப் போதும், பறக்கும்" என்றார் அவர்.

பறக்கும் என்று கேட்டதுமே நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

அடுத்த நாள் விடிந்ததும் பயிற்சி. ஏறினேன். கண்ணை மூடிக்கொண்டு நாலு மிதி மிதித்தேன். தெருமுனையில் 'கடக்' என்று சத்தம். கால் இரண்டும் காற்றில் சுற்றின. செயின் கழன்று தொங்கியது. அந்தச் செயினைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. செயின் இல்லாத சைக்கிளில் எந்த மடையனாவது ரேஸ் போவானா?

ஆரோக்கியசாமி சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டுப் பார்த்தார்.

"பின்சக்கரம் முன்னால நகந்து வருது சார். அதான் செயின் தொளதொளன்னு ஆயி விழுந்துருது. இந்தா, அச்சுக்கு ரெண்டு பக்கமும் இருக்கு பாருங்க, அட்ஜஸ்டர். வலது பக்கம் லூஸு. இதை முறுக்கிட்டா சக்கரம் நகராது. செயினும் கழலாது."

"இது இல்லேன்னா?" என்று கேட்டேன், ஏதோ ஞான தாகத்தில் கேட்பதுபோல.

"நட்டை எவ்வளவு முறுக்கினாலும் கொஞ்ச தூரந்தான் சார் தாங்கும். அப்புறம் கழண்டுரும்."

எனக்கு மோட்சத்தின் வாசல் திறந்தது. அவர் தலை மறைந்ததும் ஸ்பானரை எடுத்து வலப்பக்கத்து அட்ஜஸ்டரைக் கழற்றி, பரணிலிருந்து தீபாவளிக்கு மட்டும் இறங்குகிற பெரிய அண்டாவுக்குள் போட்டேன்.

அன்று முதல் செயின் என் கட்சி. மிதிப்பேன், கழலும். மாட்டினால் மறுபடி கழலும். நான் மாட்டவும் முயலவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு திரும்பினேன். மாரெட்பள்ளி முழுக்கப் பார்க்கட்டும், நாளைக்குச் சாட்சி சொல்லட்டும் என்றுதான்.

ஆரோக்கியசாமி தினம் சாயங்காலம் வந்து தலையைச் சொறிவார். "என்னன்னே புரியலை சார்" என்று நட்டை இன்னும் கொஞ்சம் முறுக்கிவிட்டுப் போவார். எஞ்சினையே பிரித்து மாட்டுகிற மனுஷருக்கு ஒரு சைக்கிளில் சாமான் குறைவது தெரியவில்லை! ரயிலில் போகிற ஜனங்களை நினைத்துப் பரிதாபப்பட்டேன்.

ஒரே ஒரு சங்கடம். செயின் கழலுகிற இடம் தள்ளித் தள்ளிப் போயிற்று. முதல் வாரம் அரை மைலில் கழன்றது. இரண்டாம் வாரம் ஒன்றரை மைல். அப்புறம் திருமலகிரி தாண்டி. கழலுகிற வரைக்கும் என் உயிர் என் கையில் இல்லை. பின்னால் ராணுவ லாரி ஹாரன் அடித்தால் கண்ணை மூடிக்கொள்வேன். கழன்ற பிறகு நாய்கள். சைக்கிளை எனக்கும் அவற்றுக்கும் நடுவில் நிறுத்திக்கொண்டு, வேகு வேகென்று நடப்பேன். ஆனாலும் அந்த இறக்கத்துக்கு இந்த நாய்கள் தேவலை.

ரேஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஆபீஸில் ஒரு மோட்டாருக்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டோர்ஸில் எந்தச் சாமானைக் கழற்றினாலும் அதில் சீட்டுக் கட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். பதினேழு வருஷமாகக் கை தன்னாலேயே அதைச் செய்துவிடும். திடீரென்று பரண்மேல் அண்டா ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு ஓடினேன். கல்பகம் கோவிலுக்குப் போயிருந்தாள். பரணில் ஏறி அண்டாவுக்குள் தலையை விட்டேன். அட்ஜஸ்டர் இருந்தது. அதில் நூல் கட்டி ஒரு சீட்டு. என் கையெழுத்தேதான். 'செயின் அட்ஜஸ்டர், வலப்பக்கம். எண்ணிக்கை ஒன்று. நிலை: நல்ல நிலை. கழற்றியவர்: வி. லக்ஷ்மிநாராயணன்.' தேதியும் போட்டிருந்தேன்.

வைத்தது வைத்தபடி இருந்தது. அவள் பார்க்கவில்லை. சீட்டைப் பிய்க்கத் தோன்றாமல் அப்படியே விட்டு, அவசரத்தில் இறங்கியதில் முழங்கால் சிராய்த்ததுகூட எனக்கு உறைக்கவில்லை.

ரேஸ் தினம். காலையில் கல்பகம் காபி கொண்டு வந்தாள். டபராவில் டம்ளருக்குப் பக்கத்தில் அந்த அட்ஜஸ்டர், சீட்டோடு.

"ஏன்னா, இது உங்க கையெழுத்துதானே?"

நான் காபியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

"நல்ல நிலைன்னு நீங்களே எழுதியிருக்கேள். நல்ல நிலையில இருக்கறதை எதுக்குக் கழட்டினேள்?"

பதினேழு வருஷத்தில் எந்த ஆடிட்டரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. வாசலில் ஆரோக்கியசாமி ஸ்பானரோடு தயாராக நின்றார். இரண்டு நிமிஷத்தில் மாட்டிவிட்டார்.

"இனிமே கழலுறதா? நக்கோ சார், அந்தப் பேச்சே வேணாம்!"

மைதானத்தில் பந்தல், மைக், முன்வரிசையில் ஜெனரல் மானேஜர். கண் முன்னால் ராமசுவாமியின் மாவுக்கட்டு. ஸ்போர்ட்ஸ் செக்ரடரி வாசு சைக்கிள் ரேஸ்காரர்களின் பெயரை வாசித்தார். நான் எல்லாத் தெய்வங்களையும் பெயர் பெயராகக் கூப்பிட்டேன். பட்டியல் முடிந்தது. என் பெயர் அதில் இல்லை.

"கல்பகம்! என் பேரை விட்டுட்டான்!"

"வாசு விடலை. நான்தான் மூணு வாரத்துக்கு முன்னாடியே அவர் ஆத்துக்காரி கிரிஜா கிட்டச் சொல்லி எடுக்கச் சொல்லிட்டேன். உங்களைப் போய் அந்த இறக்கத்துல விடுவேனா? எனக்கென்ன பைத்தியமா?"

எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. இப்படி ஒருத்தியைச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாக இருந்தது. அப்போது மைக் மறுபடி கரகரத்தது.

"அடுத்தது, நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் நடைப் போட்டி, மூன்று மைல். ஸ்டோர்ஸ், லக்ஷ்மிநாராயணன்!"

"இது என்னடி அநியாயம்? மூணு மைல் நான் எங்கே நடந்தேன்?"

"தினம் மூணு மைல் நடக்கணும்னு டாக்டர் சொல்லி ஆறு மாசமாச்சு. கெஞ்சினேன், தெருமுனை தாண்டலை. இப்போ மட்டும் எப்படி நடந்தேளாம்?"

"அது... செயின் கழண்டுதே."

"அதேதான். அட்ஜஸ்டர் இல்லேன்னு முதல் நாளே ஆரோக்கியசாமி வந்து சொல்லிட்டார். எவ்வளவு தூரத்துல கழலணும்னு நான் சொல்லுவேன், அவ்வளவுக்கு நட்டை முறுக்குவார். நேத்திக்கு மூணு மைல்."

ஆரோக்கியசாமி காலைப் பார்த்துக்கொண்டே, "ஹவ் சார், ஆமா. அம்மா சொன்னாங்க" என்றார்.

நடந்தேன். இரண்டாவதாக வந்தேன். ஜெனரல் மானேஜர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எவர்சில்வர் தூக்கு ஒன்று பரிசு கொடுத்தார். மூன்று வாரத்தில் முதல் தடவையாகப் பயமில்லாமல் மூச்சு விட்டேன்.

சாயங்காலம் வீட்டு வாசலில் சைக்கிளைக் காணோம்.

"ஆரோக்கியசாமி கிட்டத் திருப்பிக் கொடுத்துட்டேன்" என்றாள் கல்பகம். "பாவம், எத்தனை நாள்தான் அதைத் தள்ளிண்டே வருவேள்? நாளைலேர்ந்து வெறுங்கையோடயே நடக்கலாம்."