தனசீலன் கைராசி

கினிப் பன்றிகள் இரண்டும் கூண்டுக்குள் கால் நீட்டிப் படுத்து இரைப்பதைப் பார்த்ததும் தனசீலனுக்கும் இரைத்தது. மே மாதம், பம்பாய்ச் செம்பூரில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. மனிதனே வெந்துகொண்டிருந்தான்.

தனசீலன் தொட்டது துலங்காது என்பது ஆபீஸ் முழுக்கத் தெரிந்த சங்கதி. அவன் தண்ணீர் ஊற்றிய குரோட்டன்ஸ் நாலே நாளில் சருகானது. அவன் சாவி கொடுத்த சுவர்க் கடிகாரம் அன்றோடு நின்றது. அப்படிப்பட்டவனைக் கூப்பிட்டுத்தான் மானேஜர் வேங்கடசுப்ரமணியன் தம் மகளின் செல்லப் பிராணிகளை ஒப்படைத்துவிட்டு, குடும்பத்தோடு பதினைந்து நாள் மாத்தேரான் மலைக்குப் போயிருந்தார்.

“இதுக்கு உன்னை விட்டா வேற ஆள் கிடையாதுப்பா” என்றார்.

அந்த வார்த்தையில் தனசீலன் உருகிப்போனான். ஹெட் கிளார்க் நாற்காலி வேறு காலியாக இருந்தது. மைத்துனி கல்யாணத்துக்காக எடுத்த ரயில் டிக்கெட்டுகளை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டான்.

“கூடப் பொறந்தவ கல்யாணத்தவிட இந்தப் பெருச்சாளி ஒசத்தியாப் போச்சோ?” என்று மனைவி ஜெயசீலி அழுதாள்.

“பெருச்சாளி இல்லட்டி, கினிப் பன்றி. ஹெட் கிளார்க் ஆகட்டும், உன் தங்கச்சிக்குப் பட்டே எடுத்துருவோம்.”

காற்று வரட்டுமென்று கூண்டை ஜன்னலோரம் வைத்தான். மூன்று மணிக்கு வெயில் நேரே உள்ளே இறங்கியது. பதறிப்போய் நனைந்த கோணியைப் போட்டு மூடினான். பம்பாய்ப் புழுக்கத்தில் கூண்டு இட்லிக் கொப்பரையானது. இரண்டும் தும்ம ஆரம்பித்தன.

“மாதாவே! சளி பிடிச்சிருச்சே!”

கோணியை எடுத்தெறிந்துவிட்டு, கல் தரை குளுமையாக இருக்குமென்று குளிக்கும் மூலையான மோரியில் கொண்டுபோய் விட்டான். சாக்கடைத் துவாரம் வழியாகப் பக்கத்து வீட்டுப் பூனை தலையை நீட்டியது. தனசீலன் பாய்ந்தான், வழுக்கினான். பூனை தப்பியது, அவன் முழங்கை பெயர்ந்தது.

கடைசியில் ஜெயசீலிதான் குடிதண்ணீர்ப் பானையைக் காலி செய்து, கட்டிலுக்கடியில் அதைச் சாய்த்துப் படுக்கவைத்தாள். ஈரப் பானைக்குள் இரண்டும் ஒண்டிக்கொண்டன. வீட்டில் எல்லாரும் வெந்நீர் குடித்தார்கள்.

ஊரில் தங்கை கழுத்தில் தாலி ஏறிய நேரத்தில் அவள் அந்தப் பானைக்கு விசிறிக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைக்கக்கூட விசிறியை நிறுத்தவில்லை.

பதின்மூன்றாம் நாள் பானைக்குள் கீச்சென்று சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தால், உடம்பு நிறைய முடியோடும் திறந்த கண்ணோடும் மூன்று குட்டிகள்!

“நம்ம கைபட்டு ஒண்ணு பெருகியிருக்குட்டி!” தனசீலன் சின்னப் பிள்ளைபோல் தேம்பினான்.

மானேஜர் திரும்பியதும், கட்டுப் போட்ட கையோடு மாட்டுங்காவிலுள்ள அவர் வீட்டுக்குக் கூண்டைத் தூக்கிப் போனான். மானேஜரின் மகள் “அஞ்சு! அஞ்சு!” என்று குதித்தாள். மானேஜர் மனைவி தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். மானேஜர், “ம்... வச்சுட்டுப் போ” என்றதோடு சரி.

வாசலில் கார் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் வெயிலுமுத்துவைத் தனசீலன் நெருங்கினான்.

“என்னவே, ஐயா முகமே சரியில்ல? நான் ஒரு குறையும் வைக்கலையே?”

வெயிலுமுத்து துணியை உதறினான்.

“அதுதானவே குறை! ‘தனசீலன்கிட்டக் குடுத்தா ஒரு வாரம் தாங்காது, பாப்பாகிட்ட வெயில் மேல பழியப் போட்டுரலாம்’னு சொல்லித்தான ஐயா உம்மகிட்டக் குடுத்தாவ!”