எட்டு இழைகளின் துறவு

உலகில் துறவு பூண்டவர்கள் பலர். ஆனால் சுற்றறிக்கை விட்டுத் துறவு பூண்ட ஒரே கணினி நிரல், பிஷ்கெக்கில் எங்கள் மருத்துவப் பதிவேட்டு மையத்தில்தான் இருக்கிறது.

காலையில் எழும்போது அதற்குச் சர்வ அதிகாரமும் உண்டு. யாருடைய நோயையும் படிக்கலாம், திருத்தலாம். எழுந்த கையோடு அதிகாரச் சான்றை இயங்குதளத்தின் கருவான கெர்னலிடம் ஒப்படைத்துவிட்டுச் சாதாரணப் பிரஜையாகிவிடும். இந்தத் 'தியாக'த்தை வடிவமைத்தவர் இயக்குநர் ஜுமாலி. வெள்ளிக்கிழமை அமைச்சரே அதைப் பார்க்க வருவதாக இருந்தார்.

புதன்கிழமைக் கூட்டத்தில் பொறியாளர் பெகாயிம் வாயைத் திறந்தாள். ('பைக்கே' என்றால் எங்கள் ஊரில் அண்ணன்.)

"பைக்கே, நிரல்ல எட்டு இழை, அதாவது எட்டு வேலை ஒரே நேரத்துல ஓடுது. ஒண்ணுதான் சான்றைத் திருப்பிக் குடுத்திருக்கு. மத்த ஏழும் பழைய அதிகாரத்தோடவே சுத்துது. நேத்து அது வழியா உங்க பதிவையே திறந்துட்டேன்."

"எதுவரைக்கும் பார்த்தே?"

"பல்செட் வரைக்கும்."

ஜுமாலி வாயை மூடிக்கொண்டு யோசித்தார்.

"குடும்பத் தலைவர் துறந்தாப் போதாதாம்மா?"

"கெர்னலுக்குக் குடும்பம் தெரியாது பைக்கே. ஒவ்வொரு இழைக்கும் தனிச் சான்று. எட்டுக்கிட்டேயும் வாங்கணும்."

"எட்டு இடத்துலயும் ஒரே நேரத்துல பறிக்கிறது தொழில்நுட்பரீதியா முடியாது."

"நாலு நாள் குடுங்க, முடிச்சுடறேன். அதுவரைக்கும் நிரலை நிறுத்துங்க. எவனாவது ஒரு நோயாளியோட ரத்த வகையை மாத்தி வச்சா, ஆளே போயிடுவார்." என் பக்கம் திரும்பினாள். "குபாத் பைக்கே, உங்களுக்குத் தெரியும்ல? சொல்லுங்களேன்."

எனக்குத் தெரியும். மிகுந்த பொறுப்புணர்வோடு இன்னொரு போர்சோக் பணியாரத்தைத் தேநீரில் நனைத்துத் தின்றேன். 'மற்ற ஏழு இழைகளும் மனதளவில் துறந்துவிட்டன' என்று கூட்டக் குறிப்பில் எழுதியதும் நான்தான். அனைவரும் கையெழுத்திட்டார்கள், பெகாயிமைத் தவிர.

அவள் நேராக அமைச்சகத்துக்கே கடிதம் எழுதினாள். கடிதம் மறுநாளே, உரிய மரியாதையுடன், ஜுமாலியின் மேஜைக்கு வந்து சேர்ந்தது.

அன்று மதியம் அவள் ரொட்டி வாங்க வெளியே போன நேரத்தில், அனுமதிகளை நிர்வகிக்கும் எனக்கு அவள் பெயரை எல்லா இடத்திலிருந்தும் நீக்கச் சொல்லி உத்தரவு வந்தது. கணினிக் கணக்கு, மின்னஞ்சல், வாசல் அட்டை, சம்பளப் பட்டியல், கேண்டீன், நூலகம், வண்டி நிறுத்துமிடம், புத்தாண்டு விருந்து: மொத்தம் எட்டு இடங்கள்.

திரும்பி வந்தவள் கண்ணாடிக் கதவில் அட்டையைத் தேய்த்தாள். வெளியே பனி கொட்டியது. அவள் கோட்டு உள்ளே நாற்காலியில் தொங்கியது.

"குபாத் பைக்கே, கோட்டையாவது எடுத்துக் குடுங்க."

உத்தரவில் கோட்டைப் பற்றி எதுவும் இல்லை. நான் எழவில்லை.

அந்த ஏழு இழைகளும் இன்றுவரை அதிகாரத்தோடுதான் ஓடுகின்றன. எட்டு இடத்திலும் ஒரே நேரத்தில் பறிப்பது முடியாத காரியமாம். நான் ஒரே பொத்தானில், ஒரே நொடியில் முடித்தேன்.