விளக்கெண்ணெய்ப் புட்டியில் தேவாங்கு

ஒரு காட்டில் மின்சாரம் வந்த மறுவாரமே தொலைக்காட்சியும் வந்தது. அதில் நாள்தோறும் மாலை ஐந்து மணிக்கு மாசிலாமணி என்னும் தேவாங்கு தோன்றி, கண்களை உருட்டி ஆடும். காட்டுக் குட்டிகள் அனைத்தும் தரையில் புரண்டு சிரிக்கும். அந்தச் சிரிப்பைத் தவிர மாசிலாமணிக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

இதனைக் கண்ட ஏகாம்பரம் என்னும் நரி ஒரு நிறுவனத்தைத் தொடங்கிற்று. மாசிலாமணியின் முகத்தை எப்பொருளின்மீது அச்சிடுவதாயினும் நரியிடம் விண்ணப்பித்து உரிமம் பெறவேண்டும். தேவாங்கும் ஒப்பந்தத்தைப் படிக்காமலேயே கைந்நாட்டு வைத்தது. புத்தகப்பை, மழைச்சட்டை, சாப்பாட்டு டப்பா என்று ஓராண்டுக்குள் அம்முகம் இல்லாத பொருளே காட்டில் இல்லை.

நரிக்கு ஒரு கொள்கை உண்டு. மூன்று நகல்களாக நிரப்பப்பட்ட விண்ணப்பத்தை அது ஒருபோதும் மறுக்காது. என்ன பொருளுக்காக என்று படிக்கவும் செய்யாது.

வைத்தியம் பார்க்கும் கொக்கு ஒருநாள் மூன்று நகல்களுடன் வந்தது. நரி முத்திரையைக் குத்தியது. அருகில் நின்ற மாசிலாமணி எட்டிப் பார்த்துப் பதறியது.

“முதலாளி! இது விளக்கெண்ணெய்! குட்டிகளின் வாயில் ஊற்றுவதற்கு!”

“இருக்கட்டுமே தம்பி. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே மடக்கென்று குடித்துவிடுவார்கள்.”

“குடித்தபிறகு?”

“குடித்தபிறகு நடப்பது நம் துறையன்று” என்றது நரி.

தாய்மார்கள் மகிழ்ந்தனர். சனிக்கிழமைதோறும் குட்டிகளின் மூக்கைப் பிடித்து, மாசிலாமணியைக் காட்டி, எண்ணெயை ஊற்றினர். இரண்டே மாதம். மாலை ஐந்து மணிக்கு மாசிலாமணி திரையில் தோன்றியதும் ஒரு குட்டியும் சிரிக்கவில்லை. கரடிக்குட்டி வாயைப் பொத்திக்கொண்டு, “அம்மா, சத்தியமாக நான் காலையிலேயே போய்விட்டேன்!” என்று அலறியது. மற்றவை வயிற்றைப் பிடித்துக்கொண்டு புதருக்கு ஓடின.

அதன்பின் புத்தகப்பைகள் விற்கவில்லை. மழைச்சட்டை தைத்த குரங்குகள் உரிமத்தைத் திருப்பித் தந்தன. தொலைக்காட்சியும் நிகழ்ச்சியை நிறுத்தியது. நரி அலுவலகத்தைப் பூட்டும்போது மாசிலாமணி குறுக்கே வந்து நின்றது.

“என் முகத்தையாவது திருப்பித் தாருங்கள், முதலாளி. வேறு காட்டுக்குப் போய் ஆடிப் பிழைக்கிறேன்.”

“தாராளமாக! விண்ணப்பித்துக்கொள். உன் நிழற்படம் ஒன்று ஒட்டவேண்டும்.”

“ஒட்டுகிறேன்.”

“அதை ஒட்டுவதற்கு நிறுவனத்தின் உரிமம் வேண்டுமே! நிறுவனத்தைத்தான் மூடிவிட்டேனே!”

தேவாங்கு அழுதுகொண்டே நடந்தது. வழியில் யானைக்கிழவர் ஒருவர் மரத்தடியில் நான்கு நாள்களாக முக்கிக்கொண்டிருந்தார். பேரனின் புட்டியிலிருந்தே எண்ணெய் குடித்துப் பழகியவர் அவர். மாசிலாமணியின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். அவர் வயிற்றுக்குள் இடி இடித்தது. எழுந்து ஓடினார்.

சற்றுநேரம் கழித்து, மெலிந்தவர்போல் திரும்பி வந்தார். “அடேயப்பா! நீ நன்றாயிருக்கவேண்டும், ராசா!” என்று சொல்லித் தரையில் புரண்டு சிரித்தார்.

மறுநாள் விடியற்காலையில் காட்டின் முதியோர் அனைவரும் சீட்டு வாங்கி வரிசையில் நின்றனர். மாசிலாமணி கண்களை உருட்டி ஆடியது. வரிசை முழுவதும் கலைந்து புதருக்கு ஓடியது.

நீதி: நற்பெயர் கெட்டுவிட்டதே என்று கலங்கற்க, கெட்ட பெயரால் வயிறு இளகுவோரும் உலகில் உளர்.