வரிசையில் வந்த நட்புறவு

"ஒரு ஈ காக்கா கூட வரல சார்" என்றார் அரங்கக் காவலாளி. "உள்ள நீங்க, நான், அப்புறம் அந்த ஃபேன். அவ்ளோதான்."

அவர் யாரிடம் சொன்னாரோ அந்த மனிதருக்கு அலுவலகத்தில் 'ஆகட்டும்' என்று பெயர். கலாசாரப் பரிமாற்றப் பிரிவின் கண்காணிப்பாளர். யார் எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு, கேட்டது என்ன என்று அப்புறம்தான் யோசிப்பார். போன வாரம் நேச நாட்டுத் தூதரகத்திலிருந்து ஓர் அம்மா போனில் படபடவென்று எதையோ கேட்டபோதும், பேனா மூடியைக் கடித்தபடி "ஆகட்டும் மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த அம்மா அழாத குறையாக நன்றி சொன்னது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

நட்புறவு மானியம் என்று ஒன்று உண்டு. நேச நாடு நடனக் குழுவை அனுப்ப வேண்டும். நாம் அரங்கத்தையும் ரசிகர்களையும் தர வேண்டும். போன வருடம் நாம் தந்தது நாற்காலிகளை மட்டும்தான். கடுப்பாகிப்போன நிதித் துறை அதிகாரி இந்த வருடம் நேரிலேயே வருகிறார். அரங்கம் காலியாக இருந்தால் மானியம் கட், பிரிவுக்கு மூடுவிழா, ஆகட்டும் சாருக்கு எல்லையோர ஊருக்கு மாற்றல்.

அந்த மாற்றல்தான் அவருக்குப் பெரிய பயம். கல்யாணமான நாளிலிருந்து பாதிக் குடித்தனத்தை ரயிலிலேயே நடத்தியவர். இப்போதுதான் முன்னறையில் மனைவியின் தையல் வகுப்பு, பின்னறையில் இவர் என்று ஒரே கூரையின் கீழே இருக்கிறார்கள். மறுபடியும் மூட்டை கட்டுவதா?

வருகிறேன் என்று சத்தியம் செய்த சக ஊழியர்களுக்குப் போன் போட்டார். ஒருவருக்குப் பல்வலி. இன்னொருவரின் மாமியாருக்குப் பல்வலி. மூன்றாமவர் அந்த இரண்டு பேரையும் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

மனைவிக்கு அடித்தார். "உன் கிளாஸ் பொண்ணுங்கள அனுப்பேன். ஹால் ரொம்பலேன்னா என்னைத் தூக்கி எல்லையில போட்டுடுவாங்க."

அந்தப் பக்கம் தையல் மிஷின் சத்தம் நின்றது. "மறுபடியும் தனித்தனியாவா? போதும்டா சாமி. இருங்க, நானே கூட்டிட்டு வரேன்."

கூட்டிக்கொண்டுதான் வந்தாள். ஆனால் பள்ளிச் சீருடை ஆர்டர் நாளைக்குக் கொடுத்தாக வேண்டுமாம். ஆளுக்கொரு மூட்டைத் துணியோடு வந்து உட்கார்ந்து பட்டன் தைக்க ஆரம்பித்தார்கள். ஒருத்தி கை மிஷினையே தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

தூதரக வண்டியில் நடனக் குழு வந்து இறங்கியது. அகலத் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்த குழுத் தலைவர், டிரைவரின் காதில் ஏதோ சொன்னார்.

"லைட்ட நல்லா குறைக்கணுமாம் சார்" என்றார் டிரைவர்.

"ஆகட்டும்."

"லைட்ட அணைச்சா ஊசியில நூல் எப்படிக் கோக்குறது?" என்று கத்தினாள் கை மிஷின்காரி.

"ஆகட்டும்மா."

விளக்கு அணைந்தது, எரிந்தது, அணைந்தது, எரிந்தது. விளக்குக்காரர் வெறுத்துப்போய், எல்லா விளக்கையும் போட்டுவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிட்டார்.

அப்படியும் முக்கால் அரங்கம் காலிதான். கடைசியில் மச்சினனைக் கூப்பிட்டார். தூதரகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன்.

"ஆளுதானே மாமா? இங்க விசா லைன் தெருமுனை வரைக்கும் நிக்குது. இந்த வாரம் பூரா மத்தியானம் கவுன்டரே திறக்கல. 'உள்ளே பயிற்சி'ன்னு போர்டு தொங்குது. எல்லாரும் சும்மாதான் கொட்டாவி விட்டுட்டு நிக்கிறாங்க. ஓட்டிட்டு வந்துடறேன்."

"எப்படிடா வருவாங்க?"

"அவங்க நாட்டு டான்ஸுக்குக் கை தட்டினா விசாவுக்கு நல்லதுன்னு சும்மா ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "ஆகட்டும்" என்று வந்துவிட்டது.

வந்தார்கள் ஐயா, கோட்டும் சூட்டும் கக்கத்தில் ஃபைலுமாக! ஆனால் பழக்க தோஷம், வந்தவர்கள் உட்காரவில்லை. வாசலிலேயே வரிசை கட்டி, டோக்கன் எங்கே என்று கேட்டார்கள். முதல் வரிசையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்ததும் ஒரே களேபரம்.

"காலையிலேர்ந்து நாங்க நிக்கிறோம், இவங்க எப்படி முன்னாடி போனாங்க?"

நல்ல நேரம் பார்த்து நிதித் துறை அதிகாரி காரிலிருந்து இறங்கினார். வேகமாக உள்ளே நுழையப் போனவரின் சட்டையை ஒருவர் பிடித்து இழுத்தார்.

"அண்ணே, லைன்ல வாங்க."

"நான் யாரு தெரியுமா?"

"யாரா இருந்தா என்ன? எல்லாருக்கும் ஒரே ரூல்தான். ஃபோட்டோல காது தெரியுதா? இல்லேன்னா ரிஜக்ட் பண்ணிடுவாங்க, பாத்துக்குங்க."

வரிசையின் கடைசியில் அதிகாரி நிற்பதைப் பார்த்ததும் ஆகட்டும் சார் எல்லையோர ஊருக்கு ரயில் எத்தனை மணிக்கு என்றுகூட யோசித்துவிட்டார். மனைவி டோக்கனுக்குப் பதிலாக ஆளுக்கொரு சட்டைப் பட்டனைக் கொடுத்து, கூட்டத்தை ஒரு வழியாக உட்கார வைத்தாள். அதிகாரிக்கும் ஒரு பட்டன் கிடைத்தது.

திரை இடுக்கு வழியாக எட்டிப் பார்த்த குழுத் தலைவர், சூடு பட்டவர்போல் பின்னால் துள்ளினார்.

"இவங்கள்லாம் யாருன்னு கேக்கறாரு சார்" என்றார் டிரைவர்.

"ரசிகர்கள்னு சொல்லுங்க."

"சொல்லிட்டேன். நம்ப மாட்டேங்கறாரு."

ஆட்டம் ஆரம்பித்தது. தலைவர் வலது பக்கம் குதித்தால் மற்றவர்கள் இடது பக்கம் குதித்தார்கள். சுற்றிவரும்போது இரண்டு பேர் முட்டிக்கொண்டு, ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர் ஆடும்போதே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆகட்டும் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆனால் கூட்டம் என்ன கைதட்டு தட்டியது! முட்டிக்கொண்டதற்குத் தட்டினார்கள், மன்னிப்புக்குத் தட்டினார்கள், மைக் கரகரத்ததற்கும் எழுந்து நின்று தட்டினார்கள். தலைக்குமேல் ஃபைலைத் தூக்கி ஆட்டினார்கள். ஃபைல் உயர உயர ஆடுகிறவர்களின் தொப்பி கீழே இறங்கிக்கொண்டே போனது.

திரை விழுந்ததும் நிதித் துறை அதிகாரி நேராக இவரிடம் வந்தார். கையில் பட்டன்.

"என்னய்யா இது?"

"மன்னிச்சுடுங்க சார்..."

"மன்னிப்பா? என் சர்வீஸ்ல இப்படி ஒரு கூட்டத்தைப் பாத்ததில்ல. லைன்ல நின்னு, சண்டை போட்டு டான்ஸ் பாக்க வர்றாங்கய்யா! மானியம் உண்டு. நீங்க இந்த ஊரை விட்டு எங்கயும் நகரக் கூடாது."

மனைவி தைத்துக்கொண்டிருந்த சட்டையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆகட்டும் சாருக்கு அங்கேயே ஒரு குதி குதிக்கலாம் போலிருந்தது.

மேடை ஓரத்தில் ஒருவர் ஆட்டோகிராஃப் கேட்டு ஃபைலை நீட்டிக்கொண்டிருந்தார். குழுத் தலைவர் அதை வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஃபோட்டோவைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கி ஃபைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"காது தெரியணுமாம்" என்று அந்த ஆள் பரிதாபமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கலைஞர்களுக்குத்தான் எத்தனை நுணுக்கமான பார்வை என்று வியந்தபடி, ஆகட்டும் சார் வண்டியருகே நின்ற டிரைவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"உங்க மேடம்கிட்ட சொல்லுங்க. அடுத்த வருஷமும் இதே குழுவத்தான் அனுப்பணும்!"

டிரைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"விளையாடாதீங்க சார், அப்புறம் விசா கவுன்டர்ல யாரு உக்காருவா? நிஜக் குழுவுக்கு உங்க நாட்டுல விசா குடுக்கல, எங்க கவுன்டர் ஆளுங்களே ஆடட்டுமான்னு மேடம் போன்ல கேட்டப்போ, 'ஆகட்டும்'னு சொன்னது நீங்கதானே!"