எஞ்சின் விழுங்கிய பட்டு

எங்கள் கோயில் அம்மாளாச்சி எனக்குக் கேட்டதெல்லாம் தந்திருக்கிறா. கையைச் சும்மா வைத்திருக்கும் குணத்தை மட்டும் நானும் கேட்கவில்லை, அவவும் தரவில்லை.

எங்கள் இரண்டு சில்லு உழவு இயந்திரம், பின்னால் கொளுவிய பெட்டியில் பாரம் ஏற்றினால் உருத்திரபுரத்து வாய்க்கால் மேட்டில் முக்கும். எஞ்சினுக்குள் காற்றுக் கூடப் போனால் இழுவையும் கூடும் என்று போனில் ஒரு வீடியோ பார்த்தேன். (பார்த்தது அரைவாசி. மிச்சத்துக்கு டேட்டா இல்லை.) ஒரு கிழமையாக எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி மடியில் வைத்து, காற்றுப் போகும் துவாரத்தை அரத்தால் அகட்டி, அரத்தாளால் மினுக்கினேன். என் மகளைக்கூட நான் அப்படித் தேய்த்துக் குளிப்பாட்டியதில்லை. எல்லாம் பூட்டிய பிறகு, மூச்சுக்குத் தடையென்று, தூசி வடிகட்டும் எயார் கிளீனரையும் கழற்றி வைத்துவிட்டேன்.

அந்த மிசினில்தான் கோயில் பொங்கலுக்குப் போனோம். மகள் சுகமாகப் பிள்ளை பெற்றால் அம்மனுக்குப் பட்டுச் சாத்துவதாக என் மனைவி கமலா நேர்ந்திருந்தாள். தன் கையாலேயே சரிகை வைத்துத் தைத்த சிறு சிவப்புப் பட்டு. மத்தியானப் பூசைக்கு முன் ஐயரிடம் கொடுக்கவேண்டும்.

மேட்டில் மிசின் முக்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கோயிலடியில் கமலாவின் தம்பி ரவி நின்றான். வாகனம் திருத்தும் கராச் வைத்திருப்பவன்.

"என்னத்தான், உது வாயைத் திறந்துகொண்டு நிக்குது?"

"மூச்சு இழுக்கிறாரடா. பார்!" ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் காற்றுத் துவாரத்துக்குக் கிட்ட ஒரு கடதாசியைப் பிடித்தேன். படபடத்து ஒட்டியது.

"கடதாசியை ஆர்தான் இழுக்காயினம்?"

ரோசம் வந்துவிட்டது. பெட்டியிலிருந்த துணியொன்றை எடுத்து நீட்டினேன். (எந்தத் துணியென்று பார்ப்பவன் நானில்லை.) சளக்கென்று போயிற்று. எஞ்சின் இரண்டுதரம் இருமி, கரும்புகை கக்கி நின்றது.

"ஐயோ, அம்மாளின்ரை பட்டு! இஞ்சாருங்கோ, உங்கடை கைக்கு வேறை துணி அம்பிடேல்லையோ?" கமலா கத்தினாள்.

ரவி அதை இழுத்தெடுத்தான். குசினியில் சட்டி பிடிக்கும் கரித்துணி தோற்றது. "அத்தான், இழுவை நல்லாத்தான் இருக்கு" என்றான் பாவி.

பூசை மணி கேட்டது. கமலா கண்ணைத் துடைத்தாள். கோயில் கேணியில் தோய்ந்துவிட்டு உடுக்கக் கொண்டுவந்திருந்த, மகள் எடுத்துக் கொடுத்த மடிப்புக் கலையாத பட்டுச் சேலையைப் பையிலிருந்து எடுத்து ஐயரிடம் நீட்டினாள். அம்மாள் அன்று உச்சி முதல் பாதம் வரை மின்னினா. பழைய சேலையோடு நின்று கும்பிட்ட கமலாவும் மின்னினாள். நான் மட்டும்தான் கரி.

எயார் கிளீனரை மறுநாளே பூட்டிவிட்டேன். என்ன பிரயோசனம்? இன்றைக்கும் நான் மிசினை ஸ்டார்ட் பண்ணப் போனால், வீட்டில் எல்லோரும் மழைக்கு ஓடுவதுபோல ஓடிப்போய், கொடியில் காயும் உடுப்பையெல்லாம் எடுத்துவிடுகிறார்கள்.